அட்டவணைக்கு அடியில் இருந்த பொடி எழுத்து

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு 'எண்ணுற அக்கா' என்று பெயர். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். மேல்மாடியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் இயக்குநரும் அப்படித்தான். "எண்ணுற அக்கா வந்தாச்சா?" என்பார்கள், ஏதோ எண்ணாத அக்கா இன்னொருத்தி இருக்கிற மாதிரி.

ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. முதலில் அந்த நிலையத்தின் நூலகத்தில் தரை துடைக்கத்தான் வந்தாள். துடைக்கும்போது மேசைகளில் சிதறிக் கிடக்கும் புத்தகங்களை எடுத்து, முதுகில் இருக்கும் எழுத்தின் சாயலைப் பார்த்து, அதனதன் இடத்தில் செருகிவிடுவாள். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் எழுத்துகளை முகம் போல அடையாளம் தெரியும். எதிரே வருகிறவரின் பெயர் தெரியாவிட்டாலும், இவர் நம் தெருக்காரர் என்று தெரிவதில்லையா, அது மாதிரி. அதைக் கவனித்துத்தான் அங்கே ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி ஒரு நாள் அவளைத் துடைப்பத்தோடு நிறுத்தி, "அக்கா, எனக்கு ஒரு வேலை செஞ்சு தருவீங்களா? உக்காந்து செய்ற வேலை" என்று கேட்டாள்.

ஆராய்ச்சிப் பெண் சின்னவள்தான். படித்தது பொருளாதார அளவியல். விலைவாசி, கூலி, வேலையின்மை என்று உலகத்தில் நடப்பதையெல்லாம் கணக்காக்கி அளந்து பார்க்கிற படிப்பு. அந்தப் படிப்புக்காரர்கள் எழுதும் கட்டுரைகளின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும்: இதை எழுத யார் யார் எழுதினதையெல்லாம் துணைக்கு வைத்துக்கொண்டோம் என்று. ஆராய்ச்சிப் பெண்ணின் கேள்வி அந்தப் பட்டியலைப் பற்றியது. பெயரைப் போட்டுவிட்டார்கள், சரி. கட்டுரைக்குள்ளே அவர்மேல் நிஜமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறார்கள்? ஒருவர் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் சொல்லியிருக்கலாம். இன்னொருவரை ஆறேழு பேரோடு கும்பலாக ஒரே அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். பட்டியலில் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு வரிதான்.

அக்காவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. "எங்க மாமியார் மாதிரி, மேடம்" என்றாள். "யார் கேட்டாலும் எனக்கு மூணு பிள்ளைங்கன்னு மூணு பேரையும் சொல்லுவாங்க. பேச உக்காந்தா பெரியவன் புராணம்தான். எங்க வீட்டுக்காரர் ரெண்டாவது. அவர் பேரு, குழாய் ஒழுகுனாத்தான் அவங்க வாய்ல வரும்."

ஆராய்ச்சிப் பெண் சிரித்தாள். "அதைத்தான் அளக்கப் போறோம்க்கா. எத்தனை பேரைக் கூப்பிட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு அழுத்தமா கூப்பிட்டாங்கன்னுதான் தெரியாது."

வேலை இப்படி. கட்டுரையை அச்செடுத்துக் கொடுப்பார்கள். பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரும் அவர் எழுதின வருடமும் உள்ளே எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட வேண்டும். தனியாக வந்தால் சிவப்பு, கும்பலோடு வந்தால் நீலம். கடைசியில் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஆராய்ச்சிப் பெண் அதைப் பக்கக் கணக்கோடு வகுத்துப் பெருக்கி, ஒவ்வொரு பெயருக்கும் 'அழுத்தம்' என்று ஓர் எண் எடுப்பாள். இதைக் கம்ப்யூட்டர் செய்யாதா என்று காவலாளி கேட்டதற்கு, பழைய கட்டுரைகளின் மங்கல் அச்சில் அது திக்கித் திணறுகிறதாம் என்று அக்கா பெருமையோடு பதில் சொன்னாள்.

ஒவ்வொரு கட்டுரையையும் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். "இந்தப் பேருக்கெல்லாம் உரியவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும், கடவுளே." அதற்கப்புறம்தான் பென்சிலைச் சீவுவாள். முகம் தெரியாத அந்த மனிதர்கள் அவளுக்கு மெல்ல மெல்லப் பழக்கமானார்கள். அவர்களில் ஒருவரின் பெயரில் ஓர் எழுத்துக்குத் தலையில் இரண்டு புள்ளி இருக்கும். அவரை 'இரட்டைப் புள்ளிக்காரர்' என்று மனசுக்குள் வைத்துக்கொண்டாள். கட்டுரை நடுவில் அவர் அவ்வளவாகத் தலைகாட்ட மாட்டார். ஆனால் எண்கள் அடுக்கிய அட்டவணை ஒவ்வொன்றுக்கும் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு குறிப்பு வரும். அங்கே கட்டாயம் இருப்பார். அட்டவணையில் உள்ள எண்களில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று கணிக்கும் வழியைக் கண்டுபிடித்தவராம் அவர். அந்தக் கணிப்பு இன்னார் முறைப்படி செய்தது என்றுதான் அந்தக் குறிப்பு சொல்கிறது என்று ஆராய்ச்சிப் பெண் விளக்கியிருந்தாள்.

ஒருவர் எண்ணினதை மட்டும் நம்ப முடியாது என்பது அந்த வேலையின் சட்டம். ஒரே கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அக்காவோடு சேர்ந்து எண்ண வந்தவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் தபால்காரர். இரண்டு பேர் மேசைக்கும் நடுவே ஒரு புத்தக அலமாரியை நகர்த்திவைத்திருந்தார்கள், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமலிருக்க. கட்டுரையைப் பற்றிப் பேசக் கூடாது. மற்றதைப் பேசத் தடையில்லை. தபால்காரர் அந்தச் சலுகையை ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை.

"என்ன தங்கச்சி, அந்தப் பக்கம் சத்தமே காணோம்? எண்ணுறீங்களா, தூங்குறீங்களா?"

"எண்ணிட்டுதான் இருக்கேன் அண்ணே. நீங்க பேசுனா எனக்கு விட்டுப்போயிடும்."

"நான் பேசாட்டா எனக்குத் தூக்கம் வந்துடும். என்ன செய்யச் சொல்றீங்க? டாக்டர் கையெழுத்துல எழுதின விலாசத்தையே படிச்சு வீடு சேத்தவன் நான். இந்த அச்செழுத்தெல்லாம் எனக்குத் தொட்டில் பாட்டு."

வெள்ளிக்கிழமை தோறும் ஆராய்ச்சிப் பெண் இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்து, ஒத்துப்போகாத இடங்களை வாசிப்பாள். ஆரம்பத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வாசிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "இந்தப் பேருக்கு அக்கா ஒம்பது, ஐயா மூணு. இதுக்கு அக்கா ஏழு, ஐயா ஒண்ணு." வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "எல்லாமே பொடி எழுத்துல வர்ற இடம். ஐயா, அட்டவணைக்கு அடியிலயும் பாக்கறீங்கதானே?"

"பாக்காம என்ன மேடம்? பாத்துட்டேன்."

"இன்னும் ரெண்டு வாரம் இப்படியே வந்தா ஒருத்தரை மாத்தச் சொல்றார் இயக்குநர். நான் என்ன சொல்றது அவர்கிட்ட?"

தபால்காரர் தன் பென்சிலை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு அந்தப் பக்கம் போனார். அன்று சாயங்காலம் அக்கா பென்சில் சீவின தூளைக் கொட்ட எழுந்தபோது, அலமாரி ஓரமாக அவரைப் பார்த்தாள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் மூக்குக்கு நேரே பிடித்திருந்தார். பிறகு தள்ளிப் பிடித்தார். பிறகு கண்ணைக் கசக்கினார். மேசை விளிம்பில் வைப்பதாக நினைத்து டீ டம்ளரைக் காற்றில் வைத்தார். அது விழுந்து உருண்டது. அக்கா துணியோடு ஓடினாள்.

"கை தவறிடுச்சு" என்றார் அவர். பிறகு, அவள் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இங்க வந்தாத்தான் தங்கச்சி நான் ஒரு ஆளு. இந்த நாற்காலி போச்சுன்னா, வீட்ல இருக்கிற நாற்காலிகளோட நானும் ஒண்ணு. பெருக்கும்போது நகத்தி வெப்பாங்க."

அந்த வார்த்தை அவளை வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை கண்ணை மூடிப் பிரார்த்தித்துவிட்டு, பென்சிலை எடுத்து, அட்டவணைக்கு அடியில் வந்ததும் கையை நிறுத்திக்கொண்டாள். அவருக்குத் தெரியாதது தனக்கும் தெரியாமல் இருந்துவிட்டுப் போகட்டும். எண்ணில்தானே குறைகிறது, யார் சாப்பாட்டிலும் இல்லையே. பொடி எழுத்தையெல்லாம் அவள் தாண்டிப் போனாள். இரட்டைப் புள்ளிக்காரரிடம் மட்டும், "கோவிச்சுக்காதீங்க சாமி" என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. ஆராய்ச்சிப் பெண் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மேசையில் வைத்தாள். தபால்காரர் இரண்டு பிஸ்கட்டை ஒன்றாகச் சேர்த்துக் கடித்து, "கொஞ்சம் பழகிட்டா அப்புறம் ஓட்டம்தான் மேடம்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்தாள். மாதங்கள் போயின.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் ஆராய்ச்சிப் பெண் குதிக்காத குறையாக உள்ளே வந்தாள்.

"அக்கா, ஐயா, ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கோம்! கருவி செஞ்சு குடுத்தவங்க இருக்காங்களே, கணக்குப் போடற முறையைக் கண்டுபிடிச்சவங்க, அவங்களை இந்தக் கட்டுரைக்காரங்க யாரும் மதிக்கறதே இல்ல. பட்டியல்ல பேரு இருக்கு, உள்ள அழுத்தம் ஒண்ணுமே இல்ல. கருவியை எடுத்துக்கறாங்க, பேரைச் சொல்றதில்ல. அடுத்த மாசம் ஆராய்ச்சிக்காரங்க கூட்டத்துல இதைத்தான் பேசப்போறேன். பேரைப் போட்டே பேசப்போறேன், இன்னின்னார் இப்படின்னு. கொஞ்சம் உறைக்கட்டும்."

தபால்காரர் கைதட்டினார். "நன்றி கெட்ட ஜனங்க மேடம். ஒண்ணு விடாம சொல்லுங்க."

அக்கா கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்தாள். அந்த மனிதர்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை. அவளுக்குத் தெரியும். ஒவ்வோர் அட்டவணைக்கு அடியிலும் ஒழுங்காகப் பெயரைச் சொல்லியிருந்தார்கள்; அவள்தான் அந்த வாய்களைப் பொத்தியிருந்தாள். ஒருவருக்காக இரங்கப்போய் ஒரு கூட்டத்தின் மேல் பொய்ச்சாட்சி சொல்லியாகிவிட்டது. அன்று கட்டுரையை எடுத்தபோது அவளால் கண்ணை மூடிப் பிரார்த்திக்க முடியவில்லை. என்ன முகத்தோடு கேட்பது, அவர்கள் நல்லா இருக்கட்டும் என்று?

அவள் வீட்டுக்காரர் கீழ்வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல மிஷினை மிதிப்பதை நிறுத்தாமலேயே கேட்டார். சொல்லி முடித்தபோது அவளுக்கு மூக்கு அடைத்திருந்தது.

"ஒரு பெரிய மனுஷர் பேன்ட் தைக்க வந்தாரு ஒரு தடவை" என்று ஆரம்பித்தார் தையல்காரர். "இடுப்பளவைச் சத்தமா சொன்னேன். மனுஷனுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. பாவமேன்னு ரெண்டு இஞ்சு கொறச்சுச் சொன்னேன். சிரிச்சாரு. அந்தச் சிரிப்புக்காக அப்படியே வெட்டியும் தொலைச்சேன். விசேஷத்துக்குப் போட்டுட்டுப் போயிருக்காரு. சபையில உக்காந்தவுடனே அந்தப் பொத்தான் எங்க போய் விழுந்துச்சு தெரியுமா?"

"நான் அழுதுட்டு இருக்கேன், நீங்க பொத்தான் கதை சொல்றீங்க."

"தையக்காரனைக் கட்டிக்கிட்டவளுக்கு வேற என்ன கதை கெடைக்கும்?" மிஷினை நிறுத்தினார். "போய்ச் சொல்லிடு. மொதல்ல அவர்கிட்ட சொல்லு, அப்புறம் மேடம்கிட்ட. அவருக்குத் தெரியாம அவர் கண்ணைப் பத்தி வெளிய பேசாத."

மறுநாள் காலை தபால்காரர் குடையை மாட்டிவிட்டு உட்காரும் முன்பே அக்கா அலமாரியைச் சுற்றிக்கொண்டு அவர் மேசைக்கு வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த தாள்களைத் தட்டித் தட்டி நேராக்கினார். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

"அப்போ அந்த பிஸ்கட்டு..." என்றார்.

"அண்ணே..."

"வீட்ல போய்ப் பெருமையடிச்சேன். புதுக் கண்ணாடி போட்ட மாதிரி எண்ணுறேன்னு மேடம் சொல்றாங்கன்னு." நேராக்கின தாள்களைத் தள்ளி வைத்தார். "உங்களை யாரும்மா கேட்டா? எனக்குத் தெரியலன்னா தெரியலன்னு போயிருப்பேன். இப்போ தெரியலங்கறதும் இல்ல, தெரியுதுங்கறதும் இல்ல. உங்க தயவுல உக்காந்திருந்திருக்கேன்."

குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். படிக்கட்டில் ஒவ்வொரு படியையும் செருப்பு நுனியால் தடவித் தடவி இறங்குவதை அக்கா மேலிருந்து பார்த்தாள். கூடப் போய்க் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தாள். போகவில்லை.

ஆராய்ச்சிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எத்தனை கட்டுரைக்கா?" என்று மட்டும் கேட்டாள். வாரங்களை எண்ணிப் பார்த்து அக்கா சொன்னாள். ஆராய்ச்சிப் பெண் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். "நான் அவங்களையெல்லாம் நன்றி கெட்டவங்கன்னு எழுதி வெச்சிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள்ல சபையில சொல்லியிருப்பேன்." நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். "கண்ணு தெரியாம விட்டவரை நான் மன்னிச்சிடலாம்க்கா. தெரிஞ்சும் எண்ணாதவங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? இனிமே நீங்க எதை எண்ணிக் குடுத்தாலும், இது யாருக்காக எண்ணினதுன்னு எனக்குத் தோணாதா?"

நியாயமான கேள்வி. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஆராய்ச்சிப் பெண் சொல்லவில்லை. அக்காவாகவே அப்படி எடுத்துக்கொண்டு, பென்சில்களை டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நூலகத்தில் தரை துடைக்கிற வேலையாவது திரும்பக் கிடைக்குமா என்று வழியெல்லாம் யோசனை.

காலையில் காவலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனால், ஆராய்ச்சிப் பெண்ணின் அறையில் தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, அவர் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

"மறைச்சது நான், மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் தபால்காரர். "நீங்க அன்னிக்குக் கேட்டப்பவே பொடி எழுத்து எனக்குப் புகை மாதிரிதான் தெரிஞ்சுது. பாத்துட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். தங்கச்சி செஞ்சது தப்புதான். ஆனா அந்தத் தப்புக்கு வாசல் தெறந்து விட்டது நான். அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

"எங்ககிட்டயும் மறைச்சுட்டாரும்மா" என்றாள் அவர் மனைவி. "டீயில உப்பைப் போட்டுக் குடுத்தாரு. கேட்டா மறதிங்கறாரு. நானும் நம்பி மறதிக்கு மருந்து வாங்கிக் குடுத்துட்டு இருக்கேன், கண்ணுக்கு இல்ல! நேத்து வந்து உக்காந்து அழுதப்பதான் தெரியும். இப்போ நேரா கண்ணாஸ்பத்திரிக்குத்தான் போறோம். போற வழியில இதைச் சொல்லிட்டுப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு." பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். கோபமா நன்றியா என்று சொல்ல முடியாத பார்வை. இரண்டும் இருந்திருக்கும்.

ஆராய்ச்சிப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். ராத்திரி தூங்காத கண்கள். தன்னையே பார்த்துப் பேசுகிறவள் போலச் சொன்னாள்: "நடுவுல அலமாரியை வெச்சோம். அப்புறம் வாராவாரம் நானே உக்காந்து, அக்கா இத்தனை, ஐயா இத்தனைன்னு ரெண்டு பேருக்கும் வாசிச்சேன். அந்த அலமாரியை வெச்சு என்ன பிரயோஜனம்? யாரு கொறச்சல்னு நான் சொல்லாட்டா உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது." மூச்சை இழுத்து விட்டாள். "அக்கா, எல்லாத்தையும் திரும்ப எண்ணணும். அந்தப் பக்கத்து நாற்காலியில நான் உக்காந்து எண்ணுறேன். இனிமே ஒத்துப்போச்சா இல்லையான்னு ரெண்டு பேருக்கும் யாரும் சொல்ல மாட்டாங்க. முடியுமா உங்களால?"

"முடியும் மேடம்."

"மனசு இளகினா?"

"இளகும் மேடம். கை இளகாம பாத்துக்கறேன்."

அப்படியே திரும்ப எண்ணினார்கள். கருவி செய்தவர்களின் பெயர்கள் அட்டவணைகளுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. எல்லாம் கூட்டிப் பார்த்தால், மற்றவர்களை எவ்வளவு சொல்லியிருந்தார்களோ ஏறக்குறைய அவ்வளவு அவர்களையும் சொல்லியிருந்தார்கள். ஆச்சரியப்பட அதில் ஒன்றுமில்லை. ஆச்சரியம் இல்லாத முடிவுக்கு யாரும் எழுந்து நின்று கைதட்டுவதில்லை. ஆராய்ச்சிப் பெண் கூட்டத்துக்குப் போய்ப் பேசிவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்தாள். "ஒருத்தர் கொட்டாவி விட்டார்க்கா" என்றாள். ஆனால் யாரையும் பழிக்காமல் வந்தாளே. அதற்கு அக்கா அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே நன்றி சொல்லிப் பிரார்த்தித்தாள்.

தபால்காரருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று, கொஞ்ச நாள் விட்டு மற்ற கண்ணிலும். அவரைத் திரும்ப எடுக்க இயக்குநர் லேசில் சம்மதிக்கவில்லை. ஒரு கட்டுரையை இரண்டு பேரும் எண்ணட்டும், இரண்டையும் நானே பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

அன்று தபால்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சினிமாக்காரர் மாதிரி வந்தார். உள்ளே வந்து அதைக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொண்டார். அக்காவிடம், "பாவம் பாத்தீங்கன்னா பாருங்க, அலமாரியைத் தள்ளிவிட்டுடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. அவர் பேசாமல் எண்ணுவதை அக்கா அன்றுதான் கேட்டாள்.

பிழை நிறைந்த மங்கல் அச்சு. அட்டவணைகளோ ஏராளம். ஒவ்வொன்றின் அடியிலும் அவள் பென்சில் தயங்கியது. இந்த வரி அவருக்குத் தெரிந்திருக்குமா, இது? 'என் கையைக் குறைக்கவும் விடாத, கூட்டவும் விடாத, கடவுளே' என்று வேண்டிக்கொண்டு, கண்டதைக் கண்டபடி கோடு போட்டாள். ஒன்றையும் குறைத்துப் போடவில்லை. தாளைப் பெட்டியில் போடும்போது, ஒருவேளை தன் கையாலேயே அவர் நாற்காலியை எடுத்துவிட்டோமோ என்று நினைத்தாள்.

ஆராய்ச்சிப் பெண் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள். இரண்டு பேரும் அலமாரியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். தபால்காரர் தொண்டையைக் கனைத்தார். அக்கா சீவின பென்சிலையே திரும்பச் சீவினாள்.

ஆராய்ச்சிப் பெண் வந்து வாசலில் நின்றாள். "ஐயா, திங்கக்கிழமைலேருந்து வாங்க" என்றாள்.

"ஒத்துப்போச்சா மேடம்?"

"அதைச் சொல்ல மாட்டேன்னு சட்டம் போட்டாச்சு."

"ஒரே ஒரு எண்ணாவது..."

"மாட்டேன்."

தபால்காரர் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில், இத்தனை நாளும் அதில் உட்கார்ந்து எண்ணின ஆராய்ச்சிப் பெண்ணின் ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, கையை உள்ளே மடக்கி, சீராக நாலாக மடித்து அவளிடம் நீட்டினார். "இது உங்களுது மேடம்" என்றார். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அது தரையில் ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்.